குழந்தைகளுக்கு எவ்வளவு தூக்கம் தேவை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. இரண்டு பிள்ளைகளைத் தூங்க வைக்கப் போய் அவர்களுக்கு முன்பே தூங்கிப்போன அம்மா, அவ்வளவுதான். ஆனால் மூத்தவள் பிறந்ததிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். தெரிந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் சொன்னதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எந்த வயதுக்கு எத்தனை மணி நேரம்?

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 4 மாதம் முதல் ஒரு வயது வரை 12 முதல் 16 மணி நேரம். 1, 2 வயதில் 11 முதல் 14. 3 முதல் 5 வயது வரை 10 முதல் 13. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அவர்கள் எண்ணே தரவில்லை, ஏனென்றால் அந்த வயதில் குழந்தைக்குக் குழந்தை அவ்வளவு வித்தியாசம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கில் மூன்று மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம் என்று இருக்கிறது.

ஒவ்வொன்றிலும் எவ்வளவு பெரிய இடைவெளி என்று பாருங்கள். ஒன்பதரை மணி நேரம் தூங்கும் ஏழு வயதுப் பிள்ளையும் பதினொன்றரை மணி நேரம் தூங்கும் ஏழு வயதுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம், இரண்டு பேரும் நன்றாகவே இருக்கலாம். இந்த எண்களை வைத்துக்கொண்டு அரை மணி நேரக் குறைச்சலுக்கெல்லாம் பதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிப் பதறியவள்தான்.

பகல் தூக்கமும் இதில் சேர்த்தியா?

ஆமாம், சேர்த்துத்தான். 24 மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. பாதிப் பேர் குழம்புவது இந்த ஒரு இடத்தில்தான். நான்கு வயதுப் பிள்ளை இரவு 9 மணி நேரம்தான் தூங்குகிறான் என்று கவலைப்படுவார்கள். மதியம் இரண்டு மணி நேரம் தூங்குகிறானா என்று கேட்டால், "ஆமாம், அது தனி" என்பார்கள். தனியெல்லாம் இல்லை. 9 + 2 = 11, அவன் கணக்கு சரியாகவே இருக்கிறது.

பிறந்த குழந்தை பகலெல்லாம் தூங்குகிறது, ராத்திரி முழுக்க விழித்திருக்கிறது. எதையாவது தப்பாகச் செய்கிறேனா?

இல்லை. பகல், இரவு என்ற வித்தியாசமே அதற்கு இன்னும் தெரியாது. உடலுக்குள் இருக்கும் கடிகாரம் ஓட ஆரம்பிக்க இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதுவரை பசிதான் கடிகாரம். வயிறு சின்னது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துதான் ஆக வேண்டும். பகலில் வெளிச்சம், சத்தம், பேச்சு எல்லாம் இருக்கட்டும். இரவில் பால் கொடுக்கும்போது மங்கலான விளக்கு, பேச்சு இல்லை, விளையாட்டு இல்லை. இதைச் செய்துகொண்டே வந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் கிட்டத்தட்டப் பாதி, கண்கள் இமைக்குள் உருளும் வகைத் தூக்கம். முனகும், கை காலை உதைக்கும், முகத்தைச் சுளிக்கும், சிரிக்கும்கூட. விழித்துவிட்டது என்று நினைத்து உடனே தூக்கினால் நாமே எழுப்பியதாக ஆகிவிடும். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். (இந்தக் கண் உருளும் தூக்கத்தைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் தன் எட்டு வயது மகனின் தலையில் ஒயர்களை ஒட்டித் தூங்க வைத்துப் பதிவு செய்தார். கருவி பழுது என்று முதலில் நினைத்தாராம். 1953-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. பெற்றவர் ராத்திரி முழுக்க விழித்திருந்ததில் உலகத்துக்கு ஒரு லாபம்.)

எத்தனை மணி நேரம் என்பதைவிட இந்த வயதில் எப்படிப் படுக்க வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஒரு வயது ஆகும்வரை ஒவ்வொரு முறையும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், பகல் தூக்கத்துக்கும் சேர்த்து. சமமான, அழுத்தமான மெத்தை. தலையணை, மெத்துமெத்துப் போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். அமெரிக்காவில் 1994-இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரிய பிரசாரம் தொடங்கியது, அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் தூக்கத்தில் நிகழும் திடீர்க் குழந்தை மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இந்த ஒன்றில் மட்டும் "நாங்கள் எல்லாம் குப்புறப் படுத்துத்தான் வளர்ந்தோம்" என்று பெரியவர்கள் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்று மாதத்தில் நன்றாகத் தூங்க ஆரம்பித்தாள், நான்காவது மாதம் எல்லாம் கெட்டுப்போய்விட்டதே?

கெட்டுப்போகவில்லை, வளர்கிறாள். இந்த வயதில் தூக்கத்தின் அமைப்பே மாறுகிறது. ஆழ்ந்த தூக்கம், லேசான தூக்கம் என்று படிப்படியாகப் பிரிந்து ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடத்தில் அரைகுறையாக விழிப்பு வரும். சில வாரங்களில் சமாளிக்கக் கற்றுக்கொள்வாள். நீங்களும்தான்.

என் பிள்ளைக்குத் தூக்கம் போதுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது காலையில் ஒரு காட்சி தினமும் நடக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரு காலில் சாக்ஸ் இருக்கும், இன்னொரு சாக்ஸ் கையில் இருக்கும். கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. நான் இரண்டு முறை சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அந்தச் சாக்ஸ் அதே கையில்தான். சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தோம், உண்மையில் எத்தனை மணிக்குத் தூங்கினாள், எத்தனை மணிக்கு எழுப்பினேன். படுக்கைக்குப் போவது 9 மணி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், தூங்கியது 10 மணியை ஒட்டி. 6 மணிக்கு எழுப்புகிறேன். எட்டு மணி நேரம்தான். ஆறு வயதுக்கு அது போதவே போதாது. படுக்கும் நேரத்தைக் கால் மணி கால் மணியாக முன்னால் கொண்டு வந்தோம். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் இரண்டு சாக்ஸும் போட்டுக்கொண்டு அவளே வந்து நின்றாள்.

பார்க்க வேண்டியது இவ்வளவுதான். காலையில் எழுப்பினால் சில நிமிடங்களில் தெளிகிறானா, இல்லை ஒவ்வொரு நாளும் போராட்டமா? பத்து நிமிட கார் பயணத்தில்கூடத் தூங்கி விழுகிறானா? சாயங்காலம் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு, பென்சில் முனை உடைந்ததற்கு, அழுது புரள்கிறானா? விடுமுறை நாட்களில் யாரும் எழுப்பாவிட்டால் இரண்டு மணி நேரம் அதிகமாகத் தூங்குகிறானா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் வார நாட்களில் கடன் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால், கணக்கில் அரை மணி குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

தூக்கம் போதவில்லை என்றால் சோர்ந்துதானே கிடக்க வேண்டும்? இவன் ராத்திரி பத்து மணிக்குச் சோபாவிலிருந்து குதிக்கிறானே?

பெரியவர்களுக்குத் தூக்கம் வந்தால் கொட்டாவி விடுவோம், சாய்வோம். குழந்தைகள் பலர் நேர்மாறாகப் போவார்கள். தூக்கம் வரும் நேரத்தைத் தாண்டிவிட்டால் உடம்பு விழித்திருப்பதற்காக முறுக்கிக்கொள்கிறது, அந்த முறுக்குத்தான் ஓட்டம், குதியாட்டம், சிரிப்பு, அடுத்த நிமிடம் அழுகை. "இவனுக்குத் தூக்கமே வரவில்லை" என்று நினைத்து இன்னும் ஒரு மணி நேரம் விட்டால் இன்னும் மோசம். கண்ணைக் கசக்குவது, காதை இழுப்பது, திடீரென்று அமைதியாகி வெறித்துப் பார்ப்பது, அந்த முதல் அறிகுறியிலேயே பிடித்துவிட வேண்டும்.

பகலிலும் இது தெரியும். ஓரிடத்தில் உட்காராமை, கவனம் சிதறுவது, பட்டென்று கோபப்படுவது. கவனக்குறைபாடு இருக்கிறதோ என்று பள்ளியில் கேட்கும் அளவுக்குப் போகலாம். அப்படிக் கேட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள், கட்டாயம். ஆனால் போகும்போது தூக்கக் கணக்கு எழுதிய நோட்டையும் கொண்டு போங்கள்.

பகல் தூக்கத்தை எந்த வயதில் நிறுத்த வேண்டும்?

நீங்கள் நிறுத்த வேண்டாம், அவர்களே நிறுத்துவார்கள். ஒன்றரை வயதை ஒட்டி இரண்டு பகல் தூக்கம் ஒன்றாகக் குறையும். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் அதையும் விட்டுவிடுவார்கள். நடுவில் ஒரு குழப்பமான காலம் உண்டு: தூங்க வைத்தால் இரவு பதினொரு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பது, தூங்க வைக்காவிட்டால் சாப்பிடும்போதே தட்டில் தலை வைப்பது. அப்போது பகல் தூக்கத்தை அரை மணி, முக்கால் மணி என்று சுருக்கிப் பாருங்கள், மதியம் சீக்கிரமே முடித்துவிடுங்கள். தூங்காத நாளில் இரவு முன்னதாகப் படுக்க வையுங்கள்.

சரி, இரவு எத்தனை மணிக்குப் படுக்க வைக்க வேண்டும்?

காலையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். காலை 6.30-க்கு எழ வேண்டும், பிள்ளைக்குப் பத்து மணி நேரம் வேண்டும் என்றால் 8.30-க்குத் தூங்கியிருக்க வேண்டும். படுத்துத் தூங்க 15, 20 நிமிடம் ஆகும், எனவே 8.10-க்குப் படுக்கையில். அதற்கு முன் பல் தேய்ப்பு, உடை மாற்றம், கதை எல்லாம் சேர்த்து அரை மணி நேரம், ஆக 7.40-க்கு ஆரம்பிக்க வேண்டும். எல்லா வீட்டிலும் இந்த 7.40-தான் காணாமல் போகிறது.

அதற்காக இன்று பத்து மணிக்குத் தூங்கும் பிள்ளையை நாளை எட்டு மணிக்குப் படுக்கப் போட்டால் நடக்காது. இரண்டு மணி நேரம் புரண்டு புரண்டு, தண்ணீர் கேட்டு, பாத்ரூம் போய், கடைசியில் படுக்கை என்றாலே எரிச்சல் என்று ஆகிவிடும். உண்மையில் எப்போது தூங்குகிறானோ அந்த நேரத்துக்கே முதலில் படுக்க வையுங்கள். படுத்ததும் தூக்கம் வருவது பழக்கமானபின் சில நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். காலையில் எழுப்பும் நேரத்தை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். அதுதான் பிடி. எழுந்ததும் வெளிச்சத்தில் நிற்க வைத்தால் உடல் கடிகாரம் இன்னும் சீக்கிரம் நகரும்.

போன், டிவி எவ்வளவு கெடுக்கும்?

நிறைய. வெளிச்சம் ஒரு பக்கம்: இருட்டினால் மூளை மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரந்து தூக்கத்துக்குத் தயார் செய்யும், கண்ணுக்கு நேரே வெளிச்சம் விழுந்தால் அந்தச் சுரப்பு தள்ளிப்போகும். சின்னப் பிள்ளைகளின் கண்மணி பெரிது, கண் வில்லை தெளிவானது, நம்மைவிட அதிக வெளிச்சம் உள்ளே போகிறது. இன்னொரு பக்கம், அதில் ஓடும் விஷயம். வீடியோ முடிந்தாலும் மனம் முடிக்காது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு அணைத்துவிட வேண்டும், படுக்கையறைக்குள் போனே வேண்டாம். நம்முடையதும் சேர்த்துத்தான், அதில்தான் நான் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.

நடு இரவில் எழுந்து என்னைத் தேடுகிறான். பக்கத்தில் படுத்தால்தான் மறுபடி தூங்குகிறான்.

இரவில் விழிப்பது எல்லாருக்கும் நடக்கும், நமக்கும்தான், காலையில் நினைவிருக்காது. விழித்த பிள்ளை, தான் தூங்கும்போது இருந்தது எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கிறது. நீங்கள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தபோது தூங்கினால் இரண்டு மணிக்கும் அந்தக் கை வேண்டும். பாட்டிலோடு தூங்கினால் பாட்டில் வேண்டும் (பல்லும் சொத்தையாகும், அது தனிக் கதை). ஆகவே மாற்ற வேண்டியது நடு இரவை இல்லை, எட்டரை மணியை. முழுதாகத் தூங்கும் முன், கண் சொக்கும் நேரத்தில் கையை எடுங்கள், அப்புறம் தள்ளி உட்காருங்கள், அப்புறம் கதவருகே. மெதுவாகச் செய்தால் போதும். உங்களுக்கு இது தொந்தரவாகவே இல்லை, சேர்ந்து படுப்பது பிடித்திருக்கிறது, பிள்ளையும் கைக்குழந்தை இல்லை என்றால் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

தூங்கி ஒரு மணி நேரத்தில் அலறிக்கொண்டு எழுந்து உட்காருகிறாள். கூப்பிட்டால் அடையாளமே தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

என் சின்னவனுக்கு நான்கு வயதில் இது வந்தது. கண் முழுக்கத் திறந்திருந்தது, வேர்த்துக் கொட்டியது, "அம்மா இங்கேதான்டா இருக்கேன்" என்று கட்டிப்பிடித்தால் என்னைத் தள்ளிவிட்டு அம்மா எங்கே என்று அழுதான். பத்து நிமிடத்தில் படுத்துத் தூங்கிவிட்டான். காலையில் அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. நான்தான் விடியும்வரை தூங்கவில்லை.

இது கெட்ட கனவு இல்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளையின் ஒரு பாதி விழித்து மறு பாதி விழிக்காத நிலை. இரவின் முதல் பகுதியில் வரும். கெட்ட கனவு விடியலை நோக்கிய பகுதியில் வரும், பிள்ளை முழுதாக விழித்து என்ன கனவு என்று சொல்லும், நம்மைக் கட்டிக்கொள்ளும். அலறலின்போது எழுப்ப முயலாதீர்கள், இடித்துக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் குறைந்த நாட்களிலும் காய்ச்சலிலும் அதிகமாக வரும், எனவே முதல் வைத்தியம் சீக்கிரம் தூங்க வைப்பது. தினமும் ஒரே நேரத்தில் வந்தால் அதற்குக் கால் மணி முன்பு லேசாகத் தட்டி எழுப்பித் திரும்பத் தூங்க விடலாம், எங்களுக்கு அது வேலை செய்தது. பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். கை கால் ஒரே சீராக வெட்டி வெட்டி இழுத்தாலோ, ஒரே இரவில் பலமுறை வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள், முடிந்தால் வீடியோ எடுத்து.

குறட்டை விடுகிறான். நல்ல தூக்கம் என்றுதானே அர்த்தம்?

கிடையாது. சளி பிடித்திருக்கும்போது இரண்டு நாள் குறட்டை வந்தால் பரவாயில்லை. வாரத்தில் பல நாள் வந்தால் காட்டியே ஆக வேண்டும். குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்சினை இருக்கிறது, பெரும்பாலும் டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும் வீங்கிப் பாதையை அடைப்பதால். வாயைத் திறந்தபடி தூங்குவது, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, குறட்டை நடுவில் நின்று பிறகு திணறலோடு தொடங்குவது, தலை நனைய வேர்ப்பது எல்லாம் அடையாளம். இந்தப் பிள்ளை பத்து மணி நேரம் படுத்திருந்தாலும் பத்து மணி நேரம் தூங்கியதாகாது.

மகனுக்குப் பதினைந்து வயது. பன்னிரண்டு மணிக்குத்தான் தூங்குகிறான், காலையில் எழுப்ப முடியவில்லை. திமிரா?

கொஞ்சம் போன், நிறைய உடம்பு. பருவ வயதில் மெலடோனின் சுரக்கத் தொடங்கும் நேரமே ஒன்று, இரண்டு மணி நேரம் பின்னால் போகிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் நிஜமாகவே தூக்கம் வராது. தேவையோ இன்னும் எட்டிலிருந்து பத்து மணி நேரம். பள்ளி மட்டும் அதிகாலையில் தொடங்குகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-இலேயே இந்த வயதினருக்குப் பள்ளி காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்றது. சியாட்டில் நகரில் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளின் நேரத்தைத் தள்ளி வைத்தபோது மாணவர்கள் சராசரியாக 34 நிமிடம் அதிகம் தூங்கினார்கள். இன்னும் தாமதமாகப் படுப்பார்கள் என்று பயந்தது நடக்கவில்லை. கலிஃபோர்னியாவில் 2022 முதல் இது சட்டமே.

உங்கள் ஊர்ப் பள்ளி மாறும்வரை காத்திருக்க முடியாது, சரி. போனை அறைக்கு வெளியே சார்ஜ் போடச் சொல்லுங்கள். மதியத்துக்கு மேல் காபி, எனர்ஜி டிரிங்க் வேண்டாம், காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். விடுமுறை நாளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் அதிகம் தூங்கட்டும், மத்தியானம் வரை விட்டால் ஞாயிறு இரவு தூக்கம் வராது, திங்கள் காலை வீடு போர்க்களம்.

தூங்கினால்தான் உயரமாக வளர்வார்களா?

வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது, அது உண்மை. அதற்காக ஒரு மணி நேரம் கூடத் தூங்கினால் ஓர் அங்குலம் கூடும் என்றெல்லாம் இல்லை. உயரம் பெரும்பாலும் பெற்றோர் வழி.

ஐந்து வயதாகியும் படுக்கையை நனைக்கிறான்.

அந்த வயதில் நூறு பிள்ளைகளில் பதினைந்து பேர் போல நனைப்பார்கள். திட்ட வேண்டாம், அவன் வேண்டுமென்று செய்வதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று மறுபடி ஆரம்பித்தால் காட்டுங்கள்.

மெலடோனின் மாத்திரை கொடுக்கலாமா?

மருத்துவர் எழுதித் தராமல் கூடாது. சில நாடுகளில் கடையில் மிட்டாய் மாதிரி கிடைக்கிறது, அதுதான் ஆபத்து. இருமல், சளி மருந்தைத் தூக்கத்துக்காகக் கொடுப்பதும் அதே ரகம்.

வேறு எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

போதுமான நேரம் தூங்கியும் பகலில் தூங்கி வழிந்தால். கால் குடைகிறது, ஏதோ ஊர்கிறது என்று சொல்லி இரவில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தால், இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். படுத்து ஒரு மணி நேரமாகியும் தூங்காமல் வாரக்கணக்கில் தவித்தால். ஏதோ ஒன்றுக்குப் பயந்து படுக்கவே மறுத்தால், அதைப் பிள்ளையிடமே கேளுங்கள், இருட்டில் அல்ல, பகலில், வேறு ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது. என் மகள் ஒருமுறை சாக்ஸ் மடித்துக்கொண்டே சொன்னாள், அலமாரிக் கதவு சரியாக மூடவில்லை, அதனால்தான் தூக்கம் வரவில்லை என்று. ஒரு திருகாணியை முடுக்கியதும் சரியாகிவிட்டது.